பேரிங் போகிறதா என்று என்வலப் முறையில் கண்டுபிடிப்பது எப்படி? சென்னைப் பராமரிப்புக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்பத்தூரிலோ கிண்டியிலோ திருமுடிவாக்கத்திலோ ஒரு சின்ன யூனிட்டின் மெயின்டனன்ஸ் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. முதலாளி ஒரு வைப்ரேஷன் மீட்டரை வாங்கிக் கொடுத்து, இனிமேல் பேரிங் உடைந்து லைன் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மீட்டரில் ‘என்வலப்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை எப்படி அழுத்துவது என்பதோடு கையேடு முடிந்துவிடுகிறது. அந்த நிலையில் இருப்பவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் கற்றுக்கொள்ளத் தேடியபோது கிடைத்த பாடங்களில் பாதி கால்குலஸில் ஆரம்பித்தன, மீதி விளம்பரத்தில் முடிந்தன. நடுவே மெஷின் பக்கத்தில் நின்று செய்யும் வேலையைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

முறை என்ன என்று சுருக்கமாக: பேரிங் ரேஸில் (குண்டுகள் உருளும் வளையப் பாதையில்) சின்னப் பள்ளம் விழுந்தால், ஒவ்வொரு குண்டும் அதைத் தாண்டும்போது ஒரு தட்டு விழும். அந்தத் தட்டில் பேரிங் ஹவுசிங் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் அதிர்ந்து உடனே அடங்கும். கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். நாதத்தின் சுருதி மணியின் வார்ப்பைப் பொறுத்தது. நமக்கு வேண்டியது நிமிஷத்துக்கு எத்தனை முறை அடிக்கிறார்கள் என்பது. என்வலப் முறை நாதத்தைத் தள்ளிவிட்டு அடியை மட்டும் எண்ணுகிறது. 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும் சாதாரண வைப்ரேஷன் அளவீட்டில் இந்தச் சின்னத் தட்டு அன்பேலன்சுக்கு (சுழலும் பாகத்தின் எடை ஒரு பக்கம் கூடியிருப்பதால் வரும் ஆட்டத்துக்கு) அடியில் மறைந்துபோகும். மீட்டர் பச்சை காட்டிக்கொண்டிருக்கும்போதே பேரிங் உடைவது அதனால்தான்.

பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் முக்கால்வாசி வேலை. ஆகவே முதல் ஐந்து படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. பேரிங் எண்ணைத் தேடுங்கள்

எந்தப் பேரிங் என்று தெரியாமல் அளப்பதில் பயன் குறைவு. மோட்டாரின் நேம்பிளேட்டில் டிஇ (டிரைவ் பக்கம்), என்டிஇ (அதற்கு எதிர்ப்பக்கம்) என்று இரண்டு பக்கத்துக்கும் எண் போட்டிருப்பார்கள். பம்ப், ஃபேன் என்றால் தயாரிப்பாளரின் டிராயிங், அதுவும் இல்லையென்றால் ஸ்டோரில் கடைசியாக வாங்கிய பில்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ரீவைண்டிங் பட்டறைக்குப் போய்வந்த மோட்டாராக இருந்தால் நேம்பிளேட்டை நம்ப வேண்டாம். உதாரணமாக, நேம்பிளேட்டில் உள்ள அதே 6205 எண் பேரிங்தான் போட்டிருப்பார்கள், ஆனால் வேறு கம்பெனி. பேரிங் எண் தரப்படுத்துவது உள் விட்டம், வெளி விட்டம், அகலம் ஆகியவற்றைத்தான். 6205 என்றால் 25, 52, 15 மில்லிமீட்டர். உள்ளே எத்தனை குண்டு, என்ன அளவு என்பது தயாரிப்பாளர் முடிவு. நம் கணக்கு முழுக்க நிற்பது அந்தக் குண்டுகளின் மேல். ஆகவே பட்டறையிடம் பேசி, போட்ட பேரிங்கின் கம்பெனி, முழு எண், பின்னொட்டு மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ‘பேரிங் 2 நம்பர்’ என்று மட்டும் எழுதிய பில்லை ஏற்க வேண்டாம்.

பாரிமுனைப் பக்கம் வாங்கும்போது போலி உண்டு. 6205 போன்ற சின்னப் பேரிங் சில நூறு ரூபாய்தான், அதில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் லைனை நிறுத்திக்கொள்ளக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் ஜிஎஸ்டி எண் உள்ள பில்லோடு வாங்குங்கள். எஸ்கேஎஃப், ஷேஃப்லர் போன்ற கம்பெனிகள் அசலா என்று பார்க்க இலவச மொபைல் செயலி வைத்திருக்கின்றன. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

2. வேகத்தை அளங்கள்

நேம்பிளேட்டில் 1440 என்றிருக்கும். லோடு குறைந்தால் 1480க்கு மேல் போகும். விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) இருந்தால் எங்கு வேண்டுமானாலும் இருக்கும். பெல்ட் ஓட்டம் என்றால் புல்லி விகிதத்தை நம்பாமல், பேரிங் உட்கார்ந்திருக்கும் ஷாஃப்ட்டையே அளக்க வேண்டும், பெல்ட் வழுக்கும். ரிச்சி தெருவில் கிடைக்கும் லேசர் டேகோமீட்டரும் ஒரு துண்டு ரிஃப்ளெக்டிவ் டேப்பும் போதும். டேப்பை மெஷின் நின்றிருக்கும்போது, லாக்கவுட் (யாரும் ஆன் செய்ய முடியாதபடி பூட்டு) போட்டபின் ஒட்டுங்கள். ஓடுகிற ஷாஃப்ட் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டிய வேலை இதில் எதுவுமே கிடையாது.

வந்த ஆர்பிஎம்மை 60ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ். 1440 என்றால் 24 ஹெர்ட்ஸ்.

3. நான்கு அலைவெண்களைக் கணக்கிடுங்கள்

பழுது எந்தப் பாகத்தில் இருக்கிறதோ அதற்கேற்பத் தட்டு விழும் வேகம் மாறும், அதைத்தான் இங்கே கணக்கிடுகிறோம். பேரிங் கம்பெனிகளின் இணையதளங்களில் எண்ணையும் வேகத்தையும் கொடுத்தால் விடை வந்துவிடும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். குண்டின் விட்டத்தைப் பிட்ச் விட்டத்தால் (குண்டுகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) வகுத்து, கான்டாக்ட் கோணத்தின் (குண்டு ரேஸை அழுத்தும் திசையின் சாய்வு) கொசைனால் பெருக்குங்கள். வருவதை ‘வி’ என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால்:

அவுட்டர் ரேஸ் (வெளி வளையம்) = குண்டு எண்ணிக்கை ÷ 2 × (1 − வி)
இன்னர் ரேஸ் (உள் வளையம்) = குண்டு எண்ணிக்கை ÷ 2 × (1 + வி)
கேஜ் (குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு) = ½ × (1 − வி)
குண்டின் சுழற்சி = பிட்ச் விட்டம் ÷ (2 × குண்டு விட்டம்) × (1 − வி × வி)

9 குண்டு, குண்டு விட்டம் 7.94 மி.மீ., பிட்ச் விட்டம் 39.04 மி.மீ. உள்ள ஒரு 6205ஐ எடுத்துக்கொள்வோம். கோணம் பூஜ்யம். அவுட்டருக்கு 3.585, இன்னருக்கு 5.415, கேஜுக்கு 0.398, குண்டுக்கு 2.357. 24 ஹெர்ட்ஸில் ஓடினால் முறையே 86.0, 130.0, 9.6, 56.6 ஹெர்ட்ஸ். குண்டில் பழுது இருந்தால் ஒரு சுழற்சியில் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை என இரு தடவை தட்டும், அதனால் 113.1ஐயும் பார்க்க வேண்டும். மென்பொருளில் அவுட்டர், இன்னர், கேஜ், குண்டு ஆகியவை முறையே பிபிஎஃப்ஓ, பிபிஎஃப்ஐ, எஃப்டிஎஃப், பிஎஸ்எஃப் என்ற பெயரில் வரும்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி: அவுட்டரையும் இன்னரையும் கூட்டினால் குண்டு எண்ணிக்கை வர வேண்டும். 3.585 + 5.415 = 9. வரவில்லையென்றால் எங்கோ எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பேரிங் விவரமே கிடைக்காத பழைய மெஷினுக்குக் குண்டு எண்ணிக்கையை 0.4ஆலும் 0.6ஆலும் பெருக்கி, அந்தச் சுற்றுவட்டாரத்தில் தேடலாம்.

ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்குக்குக் கோணத்தைப் பூஜ்யமாகப் போட்டுவிடாதீர்கள். விடை வேறாகிவிடும்.

4. கருவி: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

ரிச்சி தெருவில் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் எம்பியு-6050 மாட்யூலை வாங்கிவந்து ஆர்டுயினோவில் மாட்டிப் பேரிங் பார்க்கிறேன் என்று வருபவர்கள் அதிகம். அதன் ஆக்சலரோமீட்டர் (அதிர்வை அளக்கும் சென்சார்) வினாடிக்கு 1000 அளவுகள்தான் தரும். நமக்கு வேண்டிய தட்டுகள் 2 முதல் 10 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கின்றன. அன்பேலன்ஸ் பார்க்க அது உதவும், என்வலப்புக்கு உதவாது. செல்போன் செயலியும் அப்படித்தான்.

பழகிப் பார்க்க ஒரு மலிவு வழி உண்டு. சில ரூபாய்க்கு விற்கும் பியசோ பஸ்ஸர் தட்டை ஹவுசிங்கில் அரால்டைட் போட்டு ஒட்டி, ஒரு சின்னப் பிரீஆம்ப் வழியாக யுஎஸ்பி சவுண்டு கார்டில் கொடுத்து, 48 கிலோஹெர்ட்ஸில் ஆடாசிட்டியில் பதிவு செய்யலாம். அதிர்வு எத்தனை ‘ஜி’ (முடுக்கத்தின் அலகு) என்று அது சொல்லாது. ஆனால் எந்த ரேஸ் என்பதற்கு விடை தட்டுகளின் இடைவெளியில் இருப்பதால், அதற்கு அளவுத் துல்லியம் தேவையில்லை. லேப்டாப்பின் ஆட்டோ கெயின், இரைச்சல் குறைப்பு இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை தட்டுகளையே இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும்.

கம்பெனி வேலைக்கு என்றால் ‘ஜி’க்கு 100 மில்லிவோல்ட் தரும் ஐஇபிஇ வகை (உள்ளேயே ஆம்ப் உள்ள) ஆக்சலரோமீட்டர் வேண்டும். சென்சார் மட்டும் ஐந்திலக்க விலை. கையடக்க அனலைசர் லட்சங்களில். குறைந்த மெஷின்கள் உள்ள யூனிட்டுக்கு அனலைசர் வாங்குவதைவிட, சென்சாரும் 25.6 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பதியக்கூடிய யுஎஸ்பி டேட்டா பெட்டியும் வாங்கிப் பைத்தானில் கணக்குப் போடுவது மலிவு என்பது என் கருத்து. அதற்கான பைத்தானின் சைபை நூலகம் இலவசம்.

கேலிப்ரேஷன் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியபின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 159.2 ஹெர்ட்ஸ் என்ற ஒரே புள்ளியில் சரிபார்த்துக் கொடுத்த தாள் ஆடிட்டுக்கு உதவும். கிலோஹெர்ட்ஸ்களில் சென்சார் எப்படி நடந்துகொள்கிறது என்று அதில் இருக்காது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் அவர்களுடைய அங்கீகார வரம்பில் எத்தனை ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது என்று கேளுங்கள். கருவி வெளியே போகும்போது டெலிவரி சலான் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்பு என்றால், விற்பனை இல்லாவிட்டாலும் ஈ-வே பில் போட வேண்டும். திரும்பி வர நாளாகும், ஆகவே கம்பெனி மூடியிருக்கும் பொங்கல் வாரத்தை ஒட்டி அனுப்பினால் வேலை கெடாது.

5. சென்சாரை எங்கே, எப்படி ஒட்டுவது

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். மேலே சொன்ன அத்தனை எண்ணும் சரியாக இருந்து, சென்சார் சரியாக உட்காரவில்லை என்றால் ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அலைவெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் படத்தில்) ஒன்றும் வராது; நீங்களும் பேரிங் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள்.

பேரிங்கிலிருந்து சென்சாருக்குள் வரும் வழியில் எத்தனை இணைப்பு குறுக்கே வருகிறதோ அத்தனை இடத்தில் உயர் அலைவெண் சத்தம் தேயும். எண்ட் கவரில், பேரிங் ஹவுசிங்குக்கு நேராக, கெட்டியான இரும்பின்மேல் வையுங்கள். கூலிங் ஃபின்னில் வைக்காதீர்கள். ஃபேன் கவுலில் (ஃபேனை மூடும் உறையில்) வைக்கவே வைக்காதீர்கள், அது தகரம், தானாகவே ஆடும். மோட்டாரின் பின்பக்கப் பேரிங் கவுலுக்குள் ஒளிந்திருக்கும். ஷட்டவுனில் கவுலைக் கழற்றி, எண்ட் கவரில் ஒரு ஸ்டட் போட்டு நீட்டிவிடலாம். ஸ்டட் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும்.

லோடு விழும் பக்கம் முக்கியம். குண்டுகள் ரேஸை அழுத்தும் பக்கத்தில்தான் தட்டு பலமாக இருக்கும். நேரடிக் கப்ளிங் உள்ள படுக்கை மோட்டாரில் பெரும்பாலும் கீழ்ப்பாதி. பெல்ட் ஓட்டத்தில் பெல்ட் இழுக்கும் பக்கம்.

ஒட்டும் விதம்: கையால் பிடிக்கும் கூர்முனை புரோப் சுமார் ஆயிரம் ஹெர்ட்ஸோடு சரி, என்வலப்புக்கு அதைத் தொடாதீர்கள். மேக்னட் சில கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும், ஆனால் சமதளத்தில், பெயின்ட் சுரண்டிய இரும்பில், ஒரு சொட்டு கிரீஸ் தடவி வைத்தால்தான். வளைந்த உடம்பின்மேல் தட்டை மேக்னட் ஒரு கோட்டில்தான் தொடும், மீதி ஆடும்; அங்கே இரண்டு கால் மேக்னட் வேண்டும். வைக்கும்போது ‘டக்’ என்று ஒட்டவிடாமல் ஒரு ஓரமாகச் சாய்த்து மெல்ல உட்கார வையுங்கள், அந்த அடியே சென்சாரைக் கெடுக்கும். திருகு மரை ஸ்டட்தான் எல்லாவற்றிலும் மேல். நடுவழியாக, இரும்புச் சில்லுகளைக் கடைசல் பிடித்து எபாக்ஸியால் நிரந்தரமாக ஒட்டிவிடலாம். லேத் உள்ள யூனிட்டில் இதற்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளக்கவும் இது வழி செய்யும்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள், உங்கள் சில்லுகளுக்கும் சேர்த்து. அதன்மேல் சந்தனம், குங்குமம். பூஜைக்கு முந்தின வாரமே சில்லுகள்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அளவீடு திடீரென்று பாதியாகி, பேரிங் குணமாகிவிட்டது என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

6. பதிவு செய்யுங்கள்

மெஷின் அரைமணி நேரமாவது ஓடிச் சூடேறியிருக்கட்டும். லோடு எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும். டேம்பர் பாதி மூடிய ஃபேனை முழுதும் திறந்த ஃபேனோடு ஒப்பிட முடியாது. 25.6 கிலோஹெர்ட்ஸில் குறைந்தது 4 வினாடி. 1440 ஆர்பிஎம்மில் அது 96 சுற்று, ஸ்பெக்ட்ரத்தில் கால் ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும். மெதுவாக ஓடும் மெஷினுக்கு வினாடியைக் கூட்டுங்கள், சுற்று எண்ணிக்கை குறையக் கூடாது. விஎஃப்டி இருந்தால் பதிவு முடியும்வரை வேகத்தை மாற்ற வேண்டாம் என்று ஆபரேட்டரிடம் சொல்லிவையுங்கள்.

கோப்பின் பெயரிலேயே மெஷின், புள்ளி, தேதி, ஆர்பிஎம் நான்கும் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து ‘டெஸ்ட் 2 ஃபைனல்’ என்ற கோப்பை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சொல்ல முடியாது.

7. பேண்ட் தேர்ந்தெடுத்து என்வலப் எடுங்கள்

முதலில் ஃபில்டர் போடாத மூல சிக்னலின் ஸ்பெக்ட்ரத்தை 10 கிலோஹெர்ட்ஸ் வரை பாருங்கள். ஹவுசிங் ஒலிக்கும் இடத்தில் வைக்கோல்போர் மாதிரி ஒரு மேடு தெரியும். அந்த மேட்டைச் சுற்றி பேண்ட்பாஸ் ஃபில்டர் (அந்த அலைவெண் எல்லையை, அதாவது பேண்டை, மட்டும் உள்ளே விடுவது) போடுங்கள். மேடு தெளிவாக இல்லையென்றால் 1–3, 2–6, 5–10 கிலோஹெர்ட்ஸ் என மூன்றையும் முயலலாம். நிஜமான பழுது பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பேண்டில் தலைகாட்டும். குர்டோகிராம் என்று ஒரு முறை தானாகவே பேண்டைத் தேர்ந்து தரும், அதையும் கேளுங்கள். ஆனால் பதிவின் நடுவில் யாரோ ஸ்பேனரைக் கீழே போட்ட ஒற்றைச் சத்தத்துக்கும் அது மயங்கும்.

பைத்தானில் வரிசை இப்படி: பட்டர்வொர்த் பேண்ட்பாஸ், ஹில்பர்ட் மாற்றம், அதன் வீச்சு, சராசரியைக் கழித்தல், ஹான் விண்டோ, கடைசியில் எஃப்எஃப்டி (சிக்னலை அலைவெண் வாரியாகப் பிரித்து ஸ்பெக்ட்ரமாக்கும் கணக்கு). ஸ்பெக்ட்ரத்தை 500 ஹெர்ட்ஸ் வரை வரைந்தால் இந்த 6205க்குப் போதும். சராசரியைக் கழிக்காவிட்டால் பூஜ்யத்தில் ஒரு கம்பம் முளைத்து மற்றதெல்லாம் தரையோடு தரையாகத் தெரியும். வீச்சை எடுக்காமல் ஃபில்டர் செய்த சிக்னலையே எஃப்எஃப்டி செய்வது இன்னொரு வழக்கமான சறுக்கல். அப்போது 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது, ஃபில்டர்தான் அதையெல்லாம் வெட்டிவிட்டதே.

சொந்த மெஷினில் கைவைக்கும் முன் விடை தெரிந்த தரவில் பழகுங்கள். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் வேண்டுமென்றே பழுதாக்கிய பேரிங்குகளின் பதிவுகளை இலவசமாக வைத்திருக்கிறது. அதில் மோட்டாரின் டிரைவ் பக்கப் பேரிங் மேலே கணக்குப் போட்ட அதே 6205தான். நல்ல பேரிங் 97ஆம் கோப்பு, இன்னர் பழுது 105, அவுட்டர் பழுது 130. லோடு இல்லாமல் 1797 ஆர்பிஎம், அவுட்டர் 107.4, இன்னர் 162.2 ஹெர்ட்ஸில் வர வேண்டும். 105 உங்கள் கணக்கில் சரியாக வந்துவிட்டால் நிரல் சரி. குண்டுப் பழுதுள்ள 118ஆம் கோப்பில் தெளிவாக ஒன்றும் வராவிட்டால் மனம் தளர வேண்டாம், அந்தத் தொகுப்பின் குண்டுப் பழுதுகள் அனுபவசாலிகளுக்கே சண்டித்தனம் செய்பவை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. ஸ்பெக்ட்ரத்தை வாசியுங்கள்

அவுட்டர் பழுது: 86, 172, 258 என மடங்குகள் வரிசையாக, பக்கத்தில் துணைப் பீக் இல்லாமல். பழுது லோடு பகுதியிலேயே அசையாமல் இருப்பதால் எல்லாத் தட்டும் ஒரே பலம். இன்னர் பழுது: 130ம் அதன் மடங்குகளும், ஒவ்வொன்றுக்கும் இரு புறமும் 24 ஹெர்ட்ஸ் தள்ளித் துணைப் பீக்குகள். பள்ளம் ஷாஃப்ட்டோடு சுற்றி லோடுக்குள் போய்ப்போய் வருவதால் தட்டின் பலம் ஏறி இறங்குகிறது. குண்டுப் பழுது: 113ஐச் சுற்றி 9.6 ஹெர்ட்ஸ் இடைவெளியில் துணைகள். வெளி வளையம் சுற்றும் மெஷின்களில், கன்வேயர் ஐட்லர் மாதிரி, இன்னருக்கும் அவுட்டருக்கும் சொன்னது தலைகீழாகும்.

கணக்கும் அளவும் ஒன்றிரண்டு சதவீதம் விலகும், குண்டுகள் உருள்வதோடு கொஞ்சம் வழுக்கவும் செய்யும். 130க்குப் பதில் 130.6, அதன் துணைகள் 106.6, 154.6 என்று வந்தால் அது இன்னர்தான். ஆனால் பீக் ஷாஃப்ட் வேகத்தின் மிகச் சரியான முழு மடங்கில், 72லோ 96லோ, நின்றால் பேரிங்கைச் சந்தேகிக்காதீர்கள். கப்ளிங்கையும் ஃபேன் இறக்கை எண்ணிக்கையையும் பாருங்கள்.

9. பொய்ப் பீக்குகள்

நம் ஊரில் முதல் சந்தேகம் 100 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பு. எந்த மோட்டாரிலும் வரலாம். உங்கள் அவுட்டர் அலைவெண் அதற்குப் பக்கத்தில் விழுந்தால் இரண்டையும் பிரித்தறியப் பதிவை நீளமாக எடுங்கள். விஎஃப்டியின் ஸ்விட்சிங் சத்தம் நம் பேண்டுக்குள்ளேயே வந்து உட்காரும். சோதனை எளிது: பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். கரண்ட் போன நொடியில் காணாமல் போனால் மின்சார வேலை. வேகத்தோடு சேர்ந்து மெல்லத் தேய்ந்தால் மெக்கானிக்கல். உற்பத்தி ஆட்களிடம் முன்கூட்டி அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

பம்ப்பில் கேவிடேஷன் (தண்ணீரில் குமிழிகள் உருவாகி உடைவது) இருந்தால் தரை மட்டமே, அதாவது ஸ்பெக்ட்ரத்தின் அடியில் பரவியிருக்கும் இரைச்சலே, உயரும், தனிப் பீக் எழாது. கிரீஸ் வற்றினாலும் அப்படியே. புதுக் கிரீஸ் ஏற்றியவுடன் அளவு விழுந்தால் அதை நம்பாமல், சில நாள் கழித்து மறுபடி அளங்கள். பழுது இருந்தால் அது திரும்ப ஏறும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் அம்பத்தூரில் மோட்டார்கள் மூழ்கின. வைண்டிங்கைக் காயவைத்து, பேரிங்கை அப்படியே விட்டு ஓட்டுவது வெள்ளத்துக்குப் பின் பல இடங்களில் நடப்பதுதான். நின்றபடி நனைந்த பேரிங்கில் ஒவ்வொரு குண்டும் ரேஸைத் தொட்ட இடத்தில் துருக்குழி விழும். பக்கத்து மெஷினின் அதிர்வை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும் ஸ்டாண்ட்பை பம்ப்பிலும் குண்டு இடைவெளியில் தழும்பு விழும். வெள்ளம் பார்த்த மோட்டாருக்கு அளவீடு எடுத்துக்கொண்டிருக்காமல் பேரிங்கை மாற்றிவிடுங்கள். ஸ்டாண்ட்பை பம்ப்பை வாரம் ஒருமுறையாவது ஓட்டிவிடுங்கள்.

10. மாற்றுவதா, காத்திருப்பதா

என்வலப்புக்கு இத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லா மெஷினுக்கும் பொருந்தும் எல்லை கிடையாது. ஒரு கருவியின் எண்ணை இன்னொரு கருவியோடு ஒப்பிடவும் முடியாது, ஃபில்டரும் கணக்கும் வேறு வேறு. புதுப் பேரிங் போட்டுச் சில நாள் ஓடியபின் எடுக்கும் அளவுதான் உங்கள் அடிப்படை.

நான் வைத்திருக்கும் வரிசை இது. பழுது அலைவெண் ஒன்றிரண்டு மடங்கோடு தெரிந்தால், மாதாந்திர அளவீட்டை வாரமாக்கி, பேரிங்கை ஸ்டோரில் வாங்கி வை. மடங்குகள் பெருகித் துணைப் பீக்குகளும் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் மாற்று. என்வலப் எடுக்காத சாதாரண அதிர்வு ஸ்பெக்ட்ரத்திலேயே பழுது தெரிய ஆரம்பித்தால் ஞாயிறு வரைக்கும் காத்திருக்காதே. இதில் ஒரு கண்ணி உண்டு. கடைசிக் கட்டத்தில் ரேஸ் முழுக்கக் கரடுமுரடாகி, தனித்தனித் தட்டுகள் ஒன்றோடொன்று கலந்து, பீக்குகள் தரை இரைச்சலில் அமிழ்ந்துவிடும். போன வாரம் உயர்ந்திருந்த பீக் இந்த வாரம் காணவில்லை, தரை மட்டம் ஏறியிருக்கிறது என்றால், அன்றைக்கே நிறுத்துங்கள்.

சில நூறு ரூபாய்ப் பேரிங்குக்கு இத்தனை யோசனையா என்று கேட்பார்கள். ஒரு மணி நேரம் லைன் நின்றால் எவ்வளவு போகும் என்று அக்கவுண்ட்ஸில் கேட்டு அந்த எண்ணை எழுதி வையுங்கள். நிற்பதால் ஒன்றும் போகாத மெஷினுக்கு இந்த முறையே வேண்டாம். சத்தம் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

11. கழற்றிய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள்

கழற்றும் முன் அவுட்டர் வளையத்தில் மேல்பக்கம் எது என்று மார்க்கர் வையுங்கள். கழற்றியபின் எண், தேதி, ஓடிய மணி நேரம் எழுதிய பையில் போடுங்கள். டீலரிடம் வாரன்டி கேட்பதாக இருந்தால் வெட்டாதீர்கள், வெட்டியதை ஏற்க மாட்டார்கள். கேட்பதில்லை என்றால் கட்டிங் வீலில் அவுட்டரை இரண்டாக்கிப் பாருங்கள். கேஸ் கட்டர் வேண்டாம், சூட்டில் சான்று அழிந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரேஸில் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருந்தால் ஷாஃப்ட்டில் கரண்ட் பாய்கிறது. விஎஃப்டி மோட்டாரில் எர்த்திங் பிரஷ்ஷோ இன்சுலேட்டட் பேரிங்கோ போடாமல் புதுப் பேரிங் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். படத்தையும் ஸ்பெக்ட்ரத்தையும் ஒரே பக்கத்தில் ஒட்டிக் கோப்பில் வையுங்கள். அடுத்த முறை பட்ஜெட் கேட்கும்போது இந்தப் பக்கம்தான் பேசும்.

12. வெளியாளைக் கூப்பிட்டால்

கோட்டேஷனில் நாள் கணக்கா, மெஷின் கணக்கா, புள்ளி கணக்கா என்று தெளிவாக்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடக்கமா, தனியா என்றும் கேளுங்கள். கருவி உள்ளே வரும்போது திரும்ப எடுத்துப்போகும் கேட் பாஸ் போடாவிட்டால் மாலையில் செக்யூரிட்டியிடம் மல்லுக்கட்ட நேரும். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இவற்றை எழுதிவிடுங்கள்: அளந்த ஆர்பிஎம், எடுத்துக்கொண்ட பேரிங் எண், சென்சார் ஒட்டிய விதம், ஃபில்டர் பேண்ட், பீக்குகளில் குறியிட்ட ஸ்பெக்ட்ரம், மூலப் பதிவுக் கோப்பு. ‘பேரிங் நிலை: எச்சரிக்கை’ என்று மஞ்சள் கட்டம் மட்டும் போட்ட அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆள் ஐஎஸ்ஓ 18436-2 (அதிர்வு ஆய்வாளர்களுக்கான தரம்) சான்று பெற்றவரா என்று கேட்கலாம். நீங்களே எடுக்க நினைத்தால், முதல் கேட்டகரிக்கு 30 மணி நேரப் பயிற்சியும் 6 மாத அனுபவமும், இரண்டாவதற்கு 38 மணி நேரமும் 18 மாதமும் கேட்பார்கள். அனுபவக் கடிதத்தில் ‘மெயின்டனன்ஸ் இன்ஜினியர்’ என்று மட்டும் இருந்தால் போதாது, அதிர்வு அளவீடு செய்தார் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் மாதக் கணக்கோடு எழுதி வாங்குங்கள். பரீட்சைக்கு முன் அடிப்படை வேண்டுமென்றால் ஐஐடி கரக்பூர் பேராசிரியர் ஏ. ஆர். மொஹந்தியின் மெஷின் பழுதறிதல் பாடம் என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. பயிற்சிக் கட்டணத்தைக் கம்பெனி தருவதாக இருந்தால், ஊழியர் எத்தனை மாதம் வேலையில் தொடர வேண்டும் என்ற நிபந்தனையைக் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.